இயற்கை மருத்துவம்: வந்த வழியும் நிற்க வேண்டிய இடமும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பொதுத் தொடர்பியலில் டிப்ளோமா படித்துவிட்டு, தொலைக்காட்சியில் நிகழ்ச்சி படைப்பவள். அப்படியிருக்க இந்தத் தலைப்பில் பேச ஏன் ஒப்புக்கொண்டேன் என்று கேட்கலாம். காரணம் என் பெரியம்மா.

பெரியம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பல ஆண்டுகளாக இனிப்பு நீர். அரசாங்க கிளினிக்கில் மாதாமாதம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தார். யாரோ சொல்லி, ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்த 'இயற்கை வைத்தியர்' ஒருவரைப் பார்க்கப் போனார். "மாத்திரை எல்லாம் கெமிக்கல்மா. மூணு மாசம் நிறுத்துங்க, உடம்பு தன்னால சரியாகும்" என்றார் அவர். ஒரு பொடியையும் சாப்பாட்டுப் பட்டியலையும் கொடுத்து அனுப்பினார்.

முதல் மாதம் பெரியம்மாவுக்கு உடம்பு லேசானது போல இருந்தது. சீனியையும் நெய்ப் பலகாரத்தையும் விட்டதால் எடையும் குறைந்தது. அதனால் நம்பிக்கை கூடியது. நான்காம் மாதம் காலில் ஒரு சின்னப் புண். அது ஆறவில்லை. கடைசியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

மருத்துவமனையில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நம்ம தாத்தா பாட்டி காலத்து வைத்தியம்தானேடி. அதுல என்ன கெடுதல் வந்திடப் போகுதுன்னு நெனச்சேன்."

அந்த வார்த்தைதான் என்னைத் தேட வைத்தது. உண்மையிலேயே இது நம் தாத்தா பாட்டி காலத்து வைத்தியமா? தேடிப் படித்ததில் கிடைத்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஜெர்மானிய மண்ணில் பிறந்தது

நம்மில் பலர் சித்த மருத்துவம், ஆயுர்வேதம், பாட்டி வைத்தியம், இயற்கை மருத்துவம் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். சித்தமும் ஆயுர்வேதமும் நம் மண்ணின் பழைய மருத்துவ முறைகள். மூலிகை, தாது, பஸ்பம் என்று அவற்றில் மருந்துகள் உண்டு. இயற்கை மருத்துவம் என்று இன்று தனித்துறையாக அழைக்கப்படுவதோ, மருந்தே இல்லாமல் தண்ணீர், மண், காற்று, வெயில், உணவு, உபவாசம் ஆகியவற்றால் உடலைச் சீர்படுத்தலாம் என்பது. இந்த முறை உருவானது ஐரோப்பாவில், ஜெர்மன் மொழி பேசிய கிராமங்களில். அதற்கு இருநூறு ஆண்டு வயதுதான்.

1799-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த டிசம்பரில் அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை நோயால் படுத்தார். அன்று அவரைக் கவனித்தவர்கள் நாட்டின் நல்ல மருத்துவர்கள். அவர்கள் செய்தது என்ன? ஒரே நாளில் பலமுறை அவர் உடலிலிருந்து இரத்தத்தை வடித்தார்கள். டிசம்பர் 14-ஆம் தேதி அவர் இறந்தார். இரத்தம் வடிப்பதும் பாதரச மருந்து கொடுப்பதும் அக்காலத்தில் படித்த மருத்துவர்களின் வழக்கமான சிகிச்சை.

அதே 1799-ஆம் ஆண்டு அக்டோபரில், அன்றைய ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்த கிரேஃபன்பெர்க் என்ற மலைக்கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ் பிறந்தார். அந்த ஊர் இன்று செக் குடியரசில் இருக்கிறது. பதினேழு பதினெட்டு வயதில் அவர்மேல் வண்டி ஏறி விலா எலும்புகள் முறிந்தன. வைத்தியர் கைவிட்டார். இவரே ஈரத்துணியை இறுக்கிக் கட்டி, குளிர்ந்த நீரை ஊற்றி ஊற்றித் தேறினார். பிறகு ஊராருக்கும் அதையே செய்யத் தொடங்கினார். 1822-இல் தம் வீட்டையே சிகிச்சை இல்லமாக மாற்றினார். 1839-இல் மட்டும் 1,500-க்கும் மேற்பட்டோர் அந்த மலைக்கு வந்தார்கள்.

உள்ளூர் மருத்துவர்களுக்குப் பொறுக்கவில்லை. அவர் மேல் புகார் கொடுத்தார்கள். அவர் பயன்படுத்தும் பஞ்சில் ஏதோ மருந்து ஒளிந்திருக்கிறது என்று ஆராய்ந்தும் பார்த்தார்கள். அதில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை.

பிரீஸ்னிட்ஸிடம் போனவர்கள் ஏன் தேறினார்கள்? மலைக்காற்று, எளிய சாப்பாடு, நடை, சுத்தமான நீர். இவற்றோடு, இரத்தம் வடிப்பவரிடமிருந்தும் பாதரசம் கொடுப்பவரிடமிருந்தும் தப்பித்தார்கள். அன்றைய நிலையில் சும்மா இருப்பதே பல நோய்களுக்கு நல்ல வைத்தியமாக இருந்தது. இயற்கை மருத்துவத்தின் புகழுக்கு இதுவே முதல் அஸ்திவாரம். இன்றைய மருத்துவமனை அன்றைய மருத்துவமனை இல்லை என்பதையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பாதிரியாரும் வாளித் தண்ணீரும்

அடுத்து வருபவர் செபாஸ்டியான் கினைப். 1821-இல் பவேரியாவில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவர். பாதிரியாராகப் படிக்கும் காலத்தில் காசநோய் வந்தது. நீர்ச் சிகிச்சை பற்றிய ஒரு பழைய புத்தகம் கையில் கிடைக்க, 1849 குளிர்காலத்தில் டான்யூப் ஆற்றின் பனிநீரில் சில விநாடிகள் முங்கி எழுந்து ஓடி வந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டார். தேறினார். 1855-இல் வோரிஸ்ஹோஃபன் என்ற சிற்றூருக்குப் போனார். 1886-இல் அவர் எழுதிய 'என் நீர்ச் சிகிச்சை' என்ற நூல் பல மொழிகளில் போனது. அந்தச் சிற்றூர் ஐரோப்பா முழுவதும் அறிந்த ஊரானது.

கினைப்பிடம் எனக்குப் பிடித்தது இதுதான்: அவர் மருத்துவர்களை விரட்டவில்லை. அவருடைய முறையை ஏற்ற மருத்துவர்கள் அவரோடு அமர்ந்து நோயாளிகளைப் பார்த்தார்கள். தண்ணீர், மூலிகை, நடமாட்டம், உணவு, ஒழுங்கான வாழ்க்கை என்ற ஐந்தும் அவர் முறையின் தூண்கள். இதில் எதையும் இன்றைய மருத்துவர் மறுக்கமாட்டார்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அவருடைய காசநோய் குளிர்ந்த நீரால் போனதா, தானாகவே அடங்கியதா? மருந்து இல்லாத அந்தக் காலத்திலும் காசநோயாளிகளில் ஒரு பகுதியினர் தாமாகவே தேறினார்கள். பிழைத்தவர் புத்தகம் எழுதினார். அதே தண்ணீரில் குளித்தும் பிழைக்காதவர் எழுத வரவில்லை. இன்றும் நம் கைப்பேசிக்கு வந்து சேரும் 'எனக்குக் குணமானது' கதைகளைக் கேட்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டு நகரங்கள்

1882 மார்ச் 24-ஆம் தேதி பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்ற மருத்துவர், காசநோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டுவிட்டதாக அறிவித்தார். ஒரு நோய்க்கு ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு, அதைக் கண்டுபிடிக்கலாம், மற்றவர்கள் சோதித்தும் பார்க்கலாம் என்று காட்டினார்.

அடுத்த ஆண்டு, 1883-இல், அதே ஜெர்மனியின் லைப்சிக் நகரில் லூயிஸ் கூனே என்பவர் தம் சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். எல்லா நோயும் ஒன்றே என்பது அவர் கொள்கை. உடலில் சேரும் அந்நியப் பொருள்தான் எல்லா நோய்க்கும் மூலம், அதைத் தொட்டிக் குளியலாலும் உணவாலும் வெளியேற்றினால் எந்த நோயும் தீரும் என்றார். இன்று 'உடம்பில் உள்ள நச்சை எடுக்கிறோம்' என்று விளம்பரம் வருகிறதே, அதன் மூதாதை இந்தக் கருத்துதான்.

ஒரே நாடு, ஓராண்டு இடைவெளி, இரண்டு பாதைகள். உணவிலும் தூய்மையிலும் கூனே சொன்னதில் நல்லது உண்டு. ஆனால் எல்லா நோயும் ஒன்று என்ற அவர் கொள்கை நிற்கவில்லை. காசநோய் வேறு, இனிப்பு நீர் வேறு, புற்றுநோய் வேறு. காரணம் வேறானால் சிகிச்சையும் வேறாகத்தான் இருக்கும்.

கினைப்பிடம் சிகிச்சை பெற்ற பெனடிக்ட் லஸ்ட் என்ற ஜெர்மானியர் இந்த முறையை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார். 'நேச்சுரோபதி' என்ற பெயரை உருவாக்கியவர் நியூயார்க்கில் இருந்த ஜான் ஷீல். 1895-இல் பிறந்த அந்தப் பெயரை 1902-இல் லஸ்ட் அவரிடமிருந்து விலைக்கு வாங்கினார். ஆம், பெயரே ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கியதுதான். சித்தர்கள் ஓலையில் எழுதி வைத்தது அல்ல.

காந்தியடிகள் வழியாக நம்மிடம்

அப்படியானால் இது நம் வைத்தியம் என்ற எண்ணம் எப்படி வந்தது? பெரும்பகுதி காந்தியடிகள் வழியாக. கூனேயின் நூல் 1894-இலேயே தெலுங்கில் வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது காந்தி கூனேயையும், அடால்ஃப் ஜுஸ்ட் என்ற மற்றொரு ஜெர்மானியர் எழுதிய 'இயற்கைக்குத் திரும்புங்கள்' என்ற நூலையும் படித்தார். வயிற்றில் மண்பட்டி போடுவது அங்கிருந்து வந்தது.

1902-இல் பம்பாயில் அவருடைய இரண்டாவது மகன் மணிலாலுக்குப் பத்து வயது. டைபாய்டு காய்ச்சலும் நிமோனியாவும் சேர்ந்து வந்தன. பார்சி மருத்துவர் ஒருவர் முட்டையும் கோழிச்சாறும் கொடுக்கச் சொன்னார். காந்தி மறுத்தார். கூனேயின் தொட்டிக் குளியலைக் கொடுத்தார், ஆரஞ்சுச் சாறு கொடுத்தார். காய்ச்சல் 104 பாகையில் நின்றபோது ஈரத்துணியைச் சுற்றிப் படுக்க வைத்துவிட்டு, மனம் பதைத்துத் தெருவில் நடந்தார். பிள்ளை பிழைத்தான்.

இதைத் தம் சுயசரிதையில் எழுதும்போது அவர் வெற்றி முரசு கொட்டவில்லை. கடவுள் அருளா, நீர்ச் சிகிச்சையா, கவனமான உணவும் பணிவிடையுமா, எதனால் பிழைத்தான் என்று யார் உறுதியாகச் சொல்ல முடியும் என்ற பொருளில் எழுதுகிறார். ஒரு குழந்தை தேறியதை வைத்து ஒரு முறையைத் தீர்மானிக்க முடியாது என்பதை, அந்த முறையை நேசித்தவரே ஒப்புக்கொள்கிறார். மருத்துவரையும் அவர் அறவே ஒதுக்கவில்லை. அவ்வப்போது வந்து நாடியையும் நெஞ்சையும் பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

1909-இல் எழுதிய 'இந்திய சுயராஜ்யம்' நூலில் மருத்துவமனைகளைக் கடுமையாகச் சாடியவர் அவர். 1924 ஜனவரியில் பூனா எரவாடா சிறையில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் அழற்சி வந்தது. மண்பட்டியோ உபவாசமோ போதாது. சாசூன் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். ஜனவரி 12-ஆம் தேதி இரவு, கர்னல் மேடக் என்ற ஆங்கிலேய அறுவைச் சிகிச்சை மருத்துவர் கத்தியை எடுத்தார். நடுவில் மின்சாரம் நின்றுபோக, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அறுவை முடிந்தது. காந்தி சம்மதக் கையெழுத்துப் போட்டுத்தான் அது நடந்தது. அதனால்தான் அவர் பிழைத்தார்.

அதன் பிறகு அவர் இயற்கை மருத்துவத்தை விட்டுவிட்டாரா? இல்லை. 1946-இல் பூனாவுக்கு அருகே உருளி காஞ்சனில் ஏழைகளுக்காக இயற்கை மருத்துவ ஆசிரமம் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. இந்தியாவில் இது பின்னர் முறையான படிப்பாகவும் ஆனது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா இயற்கை மருத்துவக் கல்லூரி 2000-இல் தொடங்கப்பட்டது. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு.

இந்த வரலாற்றில் நான் கண்டுகொண்டது ஒன்றே. இயற்கை மருத்துவத்தை மதித்த பெரியவர்கள், அது எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார்கள். பெரியம்மா பார்த்த வைத்தியருக்கு அந்த இடம் தெரியவில்லை.

கெமிக்கல் என்று தூக்கி எறிந்த மாத்திரை

பெரியம்மா நிறுத்திய மாத்திரையின் பெயர் மெட்ஃபார்மின். அதன் பூர்வீகம் என்ன தெரியுமா? ஐரோப்பாவில் வளரும் கலீகா என்ற ஒரு செடி. அந்தச் செடியில் உள்ள பொருளுக்கு இரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உண்டு, ஆனால் நச்சும் உண்டு. அதன் உறவான ஒரு பொருளை ஆய்ந்து, பிரான்சில் ஜான் ஸ்டேர்ன் என்ற மருத்துவர் 1957-இல் மருந்தாகக் கொண்டு வந்தார். காசநோய்க்கு வந்த முதல் சிறந்த மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின், 1943-இல் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்பட்டது. இயற்கை ஒரு பக்கம், கெமிக்கல் ஒரு பக்கம் என்று கோடு போட முடியாது.

இயற்கையானது எல்லாம் தீங்கற்றது என்பதும் சரியில்லை. நம் வீட்டு வாசலில் காய்க்கும் நட்சத்திரப் பழத்தை, மலாய்க்காரர்கள் பெலிம்பிங் என்பார்கள், சிறுநீரகம் பழுதானவர் சாப்பிட்டால் விக்கல் தொடங்கி வலிப்பு வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை சாப்பிடுபவர் அதோடு பாகற்காய்ச் சாற்றையும் அதிகமாகக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம்.

உணவுக் கட்டுப்பாடு மட்டும் எதுவரை போகும் என்பதற்கும் வரலாறு சாட்சி சொல்கிறது. 1922-க்கு முன், கணையம் இன்சுலினே சுரக்காத பிள்ளைகளுக்குப் பட்டினி உணவுதான் சிகிச்சை. எலும்பும் தோலுமாகிச் சில காலம் இருந்து இறந்தார்கள். 1922 ஜனவரியில் டொரோண்டோவில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். சாவின் விளிம்பில் இருந்த அவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்.

அதே சமயம் வைத்தியர் கொடுத்த சாப்பாட்டுப் பட்டியலை நான் குறை சொல்லமாட்டேன். 2002-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, இனிப்பு நீர் வரும் நிலையில் இருந்தவர்களைப் பிரித்துப் பார்த்தது. உணவையும் நடையையும் சீர்செய்து எடையைக் குறைத்தவர்களுக்கு நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு 31 விழுக்காடு. வருமுன் காப்பதில் கினைப்பின் வழி மாத்திரையையே முந்தியது! ஆனால் நோய் வந்து பல ஆண்டுகள் ஆனவர் ஒரே நாளில் மாத்திரையை நிறுத்துவது வேறு கதை. இதை நாம் நன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால், நம் நாட்டுச் சுகாதார ஆய்வின்படி 2019-இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அதிலும் இந்தியர்களிடையே அது அதிகம்.

போவதா வேண்டாமா?

இயற்கை மருத்துவரைப் பார்க்கலாமா கூடாதா என்று என்னைக் கேட்டால், பார்க்கலாம் என்றுதான் சொல்வேன். எடை, மலச்சிக்கல், தூக்கமின்மை, மன உளைச்சல், உணவுப் பழக்கம் போன்றவற்றில் நல்ல வழிகாட்டி ஒருவர் கிடைத்தால் நன்மையே. அரசாங்க கிளினிக்கில் மருத்துவருக்கு நம்மிடம் சில நிமிடமே பேச நேரம் கிடைக்கிறது. இவர் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். அந்த அரவணைப்புக்கு மதிப்பு உண்டு. ஆனால் போகும் முன் சில கேள்விகளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலாவது, எங்கே படித்தீர்கள், எத்தனை ஆண்டு? ஐந்தரை ஆண்டுப் படிப்பும் வார இறுதி வகுப்பும் ஒன்றல்ல. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இருக்கிறது. பாரம்பரிய இந்திய மருத்துவமும் அதில் அங்கீகரிக்கப்பட்ட துறை. சுகாதார அமைச்சின் கீழ் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தவறில்லை. சிங்கப்பூர் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 2000-ஆம் ஆண்டுச் சட்டம் சீனப் பாரம்பரிய மருத்துவர்களுக்கானது. இயற்கை மருத்துவருக்கு அப்படிச் சட்டப் பதிவு இல்லை. எனவே கூடுதல் கவனம் தேவை.

இரண்டாவது, நான் சாப்பிடும் மாத்திரையை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? 'நிறுத்து' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அளவைக் குறைப்பதை மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் இரத்தப் பரிசோதனை பார்த்துச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, எந்த நோய்க்கு நீங்கள் வைத்தியம் செய்யமாட்டீர்கள்? எல்லா நோயும் தீரும் என்பவர் கூனே காலத்தில் நிற்கிறார். புற்றுநோய், நெஞ்சுவலி, பக்கவாதம், குழந்தையின் கடுங்காய்ச்சல், ஆறாத புண் ஆகியவற்றுக்கு 'மருத்துவமனைக்குப் போங்கள்' என்று சொல்பவரே நல்லவர். இனிப்பு நீர், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை நம் நாட்டுச் சட்டம் 1956-இலிருந்தே தடுக்கிறது. அப்படி விளம்பரம் கண்டால் அதுவே எச்சரிக்கை.

நான்காவது, பொடியோ மாத்திரையோ கொடுத்தால் டப்பாவில் 'எம்.ஏ.எல்.' என்ற பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பாரம்பரிய மருந்தானால் அந்த எண் 'டி' எழுத்தில் முடியும். பெயர் ஒட்டாத பொட்டலத்தை வாங்காதீர்கள். மொத்தச் செலவு எத்தனை வெள்ளி என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

கடைசியாக, வீட்டில் யாருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள், கிளினிக் மருத்துவரிடமும் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்துதான் பெரியம்மா மறைத்தார். மறைத்த நான்கு மாதத்துக்கு அவர் கொடுத்த விலை இரண்டு விரல்கள்.

பெரியம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். நன்றாக இருக்கிறார். காலையில் செருப்பு மாட்டிக்கொண்டு மெதுவாக நடக்கிறார், சோற்றைக் குறைத்திருக்கிறார், மாத்திரையையும் தவறாமல் சாப்பிடுகிறார். இயற்கை மருத்துவத்தையும் விடவில்லை. சென்ற ஆண்டு வேறொருவரிடம் போனார். துணைக்கு நானும் போனேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் அந்த அம்மையார் முதலில் கேட்டது: "கிளினிக் புத்தகம் கொண்டு வந்திருக்கீங்களா அம்மா?"

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இவரிடம் வரலாம் என்று எனக்கும் தோன்றியது.